டெஸ்டிங்கிலிருந்து டேட்டா வேலைக்கு: எதை முதலில் செய்வது? (பெங்களூரு)

ஐடிபிஎல்_பயணி கேட்டது:

வணக்கம். வயது 34, ஒன்பது வருஷமாக மேனுவல் டெஸ்டிங் (சாஃப்ட்வேரைக் கையால் சோதிக்கும் வேலை). இப்போதைய கம்பெனியில் 4 வருஷம் 3 மாதம் ஆகிறது. கைக்கு வருவது 78,000, பேசிக் 45,000. கே.ஆர்.புரம் வீட்டுக்கு இ.எம்.ஐ. 31,000, அதையும் சேர்த்து மாதச் செலவு 58,000. நோட்டீஸ் 90 நாள்.

டேட்டா அனலிஸ்ட் ஆக வேண்டும். மாரத்தஹள்ளியில் ஆறு மாத முழுநேரக் கோர்ஸ் ஒன்றில் வேலை உத்தரவாதம் என்கிறார்கள், கட்டணத்தைத் தவணையில் கட்டலாமாம். வேலையை விட்டுவிட்டுச் சேரலாமா? இல்லை, இருந்துகொண்டே படிப்பதா?

கணக்குப்பிள்ளை:

விடாதீர்கள். உங்கள் நிலைமையில் முதலில் பார்க்க வேண்டியது கிராஜுவிட்டி, அதாவது விலகும்போது கம்பெனி தரும் பணிக்கொடை. ஐந்து வருஷம் முடிந்தால்தான் அது உறுதி. 45,000-ஐ 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, ஐந்து வருஷத்துக்குப் பெருக்கினால் சுமார் 1,29,800 ரூபாய். நான்கு வருஷம் 240 நாள் போதும் என்று சில தீர்ப்புகள் இருப்பது உண்மைதான். ஆனால் கம்பெனி தரமாட்டேன் என்றால் அலையப் போவது நீங்கள்.

நோட்டீஸ் நாட்களும் சர்வீஸில் சேரும். அதனால் கடைசி வேலை நாள் ஐந்து வருஷத்தைத் தாண்டி விழும்படி ராஜினாமா கொடுத்தால் போதும். இதில் பலர் சறுக்குவது நோட்டீஸ் பைஅவுட்டில், அதாவது மீதி நோட்டீஸ் நாட்களுக்குப் பணம் கட்டிவிட்டு முன்னதாகவே விலகுவதில். புதுக் கம்பெனி "நாங்களே கட்டிவிடுகிறோம், உடனே வாருங்கள்" என்று சொன்னதும் சந்தோஷமாகக் கிளம்பிவிடுவார்கள்; அந்த அவசரத்தில் ஐந்து வருஷம் சில வாரத்தில் தவறிப்போகும். பழைய கம்பெனியே முன்கூட்டி ரிலீவ் செய்வதும் உண்டு. அதற்கும் சேர்த்து இரண்டு மூன்று வாரம் தள்ளியே ராஜினாமா கொடுங்கள்.

பி.எஃப்.-ஐ எடுக்காமல் அதே யுஏஎன்-இல் (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) மாற்றிக்கொள்ளுங்கள். பாஸ்புக்கில் பென்ஷன் பங்கு என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் தொகை ஏறியிருந்தால் பத்து வருஷ சர்வீஸுக்குப் பென்ஷன் உரிமை வரும். ஒன்பதாவது வருஷத்தில் அதைக் கரைப்பது வீண். நீங்கள் வெளியேறிய தேதியைப் பழைய கம்பெனி பதிந்ததா என்றும் பாருங்கள். பதியாவிட்டால் மாற்றம் அப்படியே நிற்கும்.

கம்பெனி மருத்துவக் காப்பீடு பொதுவாகக் கடைசி நாளோடு முடிந்துவிடும். அதற்குமுன் தனி பாலிசி எடுங்கள், ஏனென்றால் புதிய பாலிசியில் விபத்து தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாள் காத்திருப்பு உண்டு. ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு அது 3 வருஷம் வரை போகும். குழுக் காப்பீட்டிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனி பாலிசிக்கு மாற முடிந்தால் இதுவரை கழித்த காத்திருப்பு கணக்கில் வரும். எச்.ஆரிடம் கேட்பதை வேலையில் இருக்கும்போதே கேளுங்கள்.

கோர்ஸ் தவணை என்பது பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனக் கடன். பணம் முழுதும் இன்ஸ்டிடியூட்டுக்குப் போய்விடும். நீங்கள் பாதியில் நின்றாலும் தவணை நிற்காது, தவறினால் சிபில் ஸ்கோர் (கடன் தர மதிப்பெண்) அடிவாங்கும். உத்தரவாதத்தின் ஷரத்துகளையும் படியுங்கள்: வருகைச் சதவீதம், குறைந்தபட்சச் சம்பளம், வந்த வேலையை மறுத்தால் என்ன ஆகும் என்பது. விளம்பரத்தில் இவை இருக்காது.

அல்சூர்_குவெரி:

பணத்தை மேலே சொல்லிவிட்டார், நான் படிப்பைச் சொல்கிறேன்.

கோர்ஸ் பட்டியலைப் பார்ப்பதற்குமுன் நௌக்ரியிலும் லிங்க்ட்இன்னிலும் பெங்களூருக்கான 30 டேட்டா அனலிஸ்ட் விளம்பரங்களை ஒரு ஷீட்டில் இறக்குங்கள். எந்தத் திறன் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுங்கள். பெயர் மட்டும் அனலிஸ்டாக இருந்து உள்ளே எக்ஸெலில் வழக்கமான ரிப்போர்ட் தயாரிக்கும் எம்.ஐ.எஸ். அல்லது படத்துக்கு லேபிள் போடும் வேலையாக இருப்பவற்றைத் தள்ளிவிடுங்கள்.

பைத்தான் நிரல்மொழியில் தொடங்காதீர்கள். இன்டர்வியூவின் முதல் சுற்றில் ஆட்களை வெளியே தள்ளுவது எஸ்கியூஎல்தான் (டேட்டாபேஸிலிருந்து தரவை எடுக்கும் மொழி). வாரம் 10 மணி நேரம் என்றால் முதல் இரண்டு மாதம் அது மட்டும். செலக்ட், வேர் தெரியும் என்பது போதாது; விண்டோ ஃபங்ஷன், சிடிஇ போன்ற அடுத்தகட்ட உத்திகள், நல் (காலி) மதிப்புகள் ஜாயினில், அதாவது இரண்டு டேபிளை இணைக்கும்போது, எப்படி நடந்துகொள்கின்றன என்பதெல்லாம் வேண்டும். அடிக்கடி கேட்பது இது: ஒரு ஆர்டருக்கு இரண்டு பேமெண்ட் வரிசை இருக்கும்போது இரண்டு டேபிளையும் ஜாயின் செய்து ஆர்டர் தொகையைக் கூட்டினால் என்ன ஆகும்? தொகை இரட்டிப்பாகும். பேமெண்டை ஆர்டர் வாரியாகச் சுருக்கிவிட்டுத்தான் ஜாயின் செய்ய வேண்டும். இப்படித் தவறை மோப்பம் பிடிக்கும் மூக்கு டெஸ்டருக்கு ஏற்கெனவே இருக்கிறது. அடுத்து தரவை வரைபடமாகக் காட்டும் பவர் பிஐ, அதன்பின் பைத்தானில் தரவைக் கையாளும் பாண்டாஸ்.

ப்ராஜெக்ட் விஷயத்தில் எல்லாரும் போடும் டைட்டானிக் கப்பல் பயணிகள் டேட்டா வேண்டாம், பார்க்கிறவர்களுக்கே அலுத்துவிட்டது. மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் பி.எல்.எஃப்.எஸ். என்ற தொழிலாளர் கணக்கெடுப்பின் மூலத் தரவை இலவசமாகத் தருகிறது. அதில் கர்நாடக நகர்ப்புறப் பெண்களின் வேலைப் பங்கேற்பைக் கணக்கிடுங்கள். தவறு நடக்கும் இடம் மல்டிப்ளையர்: ஒவ்வொரு வரிசைக்கும் எடை உண்டு, அதைப் போடாமல் சும்மா எண்ணினால் விடை கோணலாக வரும். எடையைக் கணக்கிடும் முறை தரவோடு வரும் குறிப்பிலேயே இருக்கிறது. வந்த எண் அமைச்சக அறிக்கையில் அச்சான எண்ணோடு பொருந்தும்வரை விடாதீர்கள். அந்தச் சரிபார்ப்பைப் பற்றி இன்டர்வியூவில் பத்து நிமிஷம் பேசலாம்.

ரிலீவிங்_லெட்டர்:

ஒரு படி விட்டுப்போயிற்று. கம்பெனியையும் துறையையும் ஒரே தாவலில் மாற்றுவதுதான் கடினம். ஈடிஎல் டெஸ்டிங் (ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு ஏற்றும் தரவைச் சோதிப்பது) அல்லது டேட்டா குவாலிட்டி டீமுக்கு உள்ளேயே மாறப் பாருங்கள். பதவிப் பெயரில் டேட்டா என்ற சொல் ஏறிவிட்டால் தேடலில் உங்கள் ப்ரொஃபைல் வர ஆரம்பிக்கும்.

அனுபவத்தை ஜோடித்துத் தருகிறோம் என்று யாராவது வந்தால் ஓடிவிடுங்கள். பின்னணிச் சரிபார்ப்பில் யுஏஎன் சர்வீஸ் வரலாற்றைப் பார்க்கிறார்கள். சேர்ந்த, விலகிய தேதி எல்லாம் அங்கே இருக்கும்.

அல்சூர்_குவெரி:

உள்மாற்றம் நல்லதுதான், ஆனால் விதியை முதலில் படிக்கச் சொல்லுங்கள். பல இடங்களில் மேனேஜர் சம்மதம் வேண்டும், சம்பளம் அப்படியே இருக்கும். புது டீமில் இவ்வளவு மாதம் இருந்தாக வேண்டும் என்று கட்டுப்பாடும் வரும். மூன்று மாதம் அலைந்தும் நகரவில்லை என்றால் வெளியே விண்ணப்பிப்பதே மேல்.

ஐடிபிஎல்_பயணி:

நன்றி. ஆஃபரில் சம்பளம் குறைந்தால் எதுவரை ஒப்புக்கொள்ளலாம்?

கணக்குப்பிள்ளை:

சி.டி.சி.யை (கம்பெனி உங்களுக்காகச் செலவிடும் மொத்தத் தொகை) விடுங்கள். அதில் செயல்பாட்டைப் பொறுத்து மாறும் வேரியபிளையும், பேசிக்கில் 4.81 சதவீதமாக ஏற்றியிருக்கும் கிராஜுவிட்டியையும், கம்பெனியின் பி.எஃப். பங்கையும் கழித்துக் கைக்கு வருவதை எழுதுங்கள். 58,000 செலவுக்கு 64,000-க்குக் கீழே இறங்க வேண்டாம். ஜாயினிங் போனஸை எண்ணாதீர்கள், ஒரு வருஷத்துக்குள் விலகினால் பெரும்பாலும் திருப்பிக் கேட்பார்கள்.

ப்ரொபேஷனில் (ஆரம்பத் தகுதிகாண் காலம்) உங்களை அனுப்ப அவர்களுக்குப் பெரும்பாலும் 15 அல்லது 30 நாள் நோட்டீஸ் போதும். எனவே ஆறு மாதச் செலவு 3,48,000 எஃப்.டி.யில் இருந்த பிறகே கையெழுத்து. நிதியாண்டின் நடுவில் மாறினால் பழைய சம்பள விவரத்தைப் புது எச்.ஆரிடம் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு கம்பெனியும் தனித்தனியாக வரிக் கழிவு கொடுத்து வரியைக் குறைவாகப் பிடிப்பார்கள், பாக்கியை ரிட்டர்ன் போடும்போது வட்டியோடு நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்.