கனடாவின் முதல் தொலைக்காட்சி ஐஸ் ஹொக்கிக் குரல் எது?

வடதுருவன்: "கனடாத் தொலைக்காட்சியில் ஹொக்கியை முதலில் வர்ணித்தவர் ஃபொஸ்ரர் ஹியூவிற்" எண்டு பக்கத்துத் திரியில் ராசன் எழுதியிருக்கிறார். பிழை. 1952 ஒக்ரோபர் 11, மொன்றியல் ஃபோறம் அரங்கு, ஊர் அணி கனேடியன்ஸுக்கும் டெட்ரோயிற் அணிக்கும் ஆட்டம். மொன்றியலின் சிபிஎஃப்ரி தொலைக்காட்சி நிலையம் நேரடியாகக் காட்டியது. மைக்கில் இருந்தவர் ரெனே லெக்கவாலியே, பிரெஞ்சில். ஹியூவிற் ரொறன்ரோவில் தொலைக்காட்சிக்கு வந்தது நவம்பர் 1, மூன்று கிழமை பிந்தி.

ராசன்: அண்ணை, ஹியூவிற் 1923 இலேயே வானொலியில் ஹொக்கி வர்ணித்தவர். லெக்கவாலியே வானொலிக்குள் காலெடுத்து வைத்ததே 1937 இல். உங்கட மொன்றியல் ஒளிபரப்பு அந்த ஊரைத் தாண்டவில்லை. அதை "கனடாவின் முதல்" எண்டு எப்படிச் சொல்லுவீங்கள்?

வடதுருவன்: ரொறன்ரோ ஒளிபரப்பு மட்டும் எங்கே தாண்டியது? இரண்டு நகரத்தையும் இணைத்த நுண்ணலைத் தொடர்பு 1953 இல்தான் வந்தது. ஊரைத் தாண்டாதது குறை எண்டால் இரண்டு பேருக்கும் குறை. நான் கேட்டது தொலைக்காட்சி, நீங்கள் தருவது வானொலி. ஒக்ரோபர் 11 முந்தியா, நவம்பர் 1 முந்தியா?

கணக்குப்பிள்ளை: சிபிஎஃப்ரி அப்போது இருமொழி நிலையம். 1952 செப்டம்பர் 6 இல் தொடங்கியது. மொன்றியலில் ஆங்கிலத்துக்குத் தனி நிலையம் வந்தது 1954 ஜனவரியில். அதைப் பிரெஞ்சுச் சாதனை எண்டு தூக்கிப் பிடிக்கிறது சரியில்லை.

வடதுருவன்: நிலையம் இருமொழி. அண்டைக்கு ஆட்டத்தை வர்ணித்த குரல் பிரெஞ்சு. இரண்டையும் போட்டுக் குழப்பாதேங்கோ.

நந்தினி: திகதிச் சண்டையில் அவர் செய்த வேலையை விட்டுவிட்டீங்கள். வானொலிக்காரர் எல்லாத்தையும் சொல்லவேணும், பார்க்கிறவனுக்கு அது இரைச்சல். லெக்கவாலியே பக் (ஆட்டத்தில் அடிக்கிற இறப்பர் வட்டு) யாரிடம், எந்தப் பகுதியில் எண்டதைச் சொல்லிப்போட்டு, மற்றதைப் படத்துக்கு விடுவார். அப்போது சட்டையின் முதுகில் பெயர் கிடையாது. என்எச்எல், அதாவது இந்த அணிகள் ஆடுகிற லீக், அதைக் கட்டாயமாக்கியது 1977 இல். ஆட்டம் நிற்காமலே ஆட்கள் மாறுவார்கள், எண் திரும்பியிருக்கும். நடையையும் தலைமயிரையும் வைத்து ஆளைக் கண்டுபிடிக்கவேணும். ஒரு பெயர் பிந்தினால் அடுத்த பாஸும் பிந்தும், கோல் விழும்போது வாயில் பழைய ஆள் இருப்பான்.

கியூபெக்கில் ஆட்டக்காரர் பேசியதெல்லாம் அரைவாசி ஆங்கிலம். பக்குக்கு "றொண்டெல்", ஆட்டத் தொடக்கத்துக்கு "மீஸ் ஓ ஜே", உடம்பால் தடுப்பதற்கு "மீஸ் ஆன் எஷெக்" எண்டு வீடு வீடாகப் பரப்பியவர் அவர். பாஸ் முடியமுன் சொல்லி முடியாவிட்டால் எந்தச் சொல்லும் நிலைக்காது.

ராசன்: அவரே எல்லாத்தையும் உண்டாக்கினவர் எண்டு கோயில் கட்டாதேங்கோ. ரேடியோ கனடா எண்ட பிரெஞ்சு அரச ஒலிபரப்பில் மொழியியல் குழு எண்டு ஒண்டு இருந்தது.

நந்தினி: நான் "பரப்பியவர்" எண்டுதான் எழுதினேன். மேலே திரும்ப வாசியுங்கோ.

வடதுருவன்: அந்தக் குழு 1960 இல் வந்தது. அவர் அதற்கு எட்டு வருசம் முந்தியே மைக்கில். உங்களுக்கு எல்லாத் திகதியும் பிந்தியே வருகுது, ராசன்.

ராசன்: 1972 கனடா - சோவியத் தொடர், மொஸ்கோவில் எட்டாவது ஆட்டம், 34 விநாடி மிச்சம், ஹென்டர்சன் கனடாவுக்கு அடித்த வெற்றிக் கோல். கனடா முழுக்க நினைவில் நிற்கிறது யாருடைய குரல்? ஹியூவிற். ஹொக்கி வர்ணனையாளருக்குக் கொடுக்கிற விருதே அவர் பெயரில் இருக்குது.

வடதுருவன்: கியூபெக் கனடாவுக்குள்தானே? அங்கே அதே கோலைச் சொன்னது லெக்கவாலியே. ஹியூவிற் ஓய்விலிருந்து திரும்பி வந்து, கனடா அணி ஆட்டக்காரர் இவான் குர்னுவாயேயின் பெயரையே பிசகாகச் சொன்னார். அந்த விருது தொடங்கிய 1984 இலேயே லெக்கவாலியேக்கும் கொடுத்தார்கள். ஹியூவிற் 1950களின் கடைசியில் தொலைக்காட்சி வர்ணனையை மகன் பில்லிடம் விட்டவர். லெக்கவாலியே 1985 வரை நின்றவர். இதற்கும் ஒக்ரோபர் 11 க்கும் என்ன தொடர்பு?

கணக்குப்பிள்ளை: றிஷார் கார்னோவை ஒருத்தரும் சொல்லவில்லை. இருபதுக்கு மேல் ஒலிம்பிக் வர்ணித்த மனுசன். லெக்கவாலியேயை விடப் பெரியவர்.

நந்தினி: கார்னோவுக்குத் தனித்திரி திறவுங்கோ. போன மாதமும் இப்படித்தான் வேறு திரியைக் கெடுத்தீங்கள்.

கணக்குப்பிள்ளை: திரியைக் கெடுத்தது நீங்கள், றொண்டெல் பாடம் எடுத்து.

ராசன்: நான் சொன்னதில் மாற்றமில்லை. உள்ளூர் ஒளிபரப்பை நாட்டின் முதல் எண்டு எழுத முடியாது.

வடதுருவன்: அப்படியெண்டால் நவம்பர் 1 ஐயும் எழுத முடியாது. பக்கத்துத் திரியில் உங்கட வரியை முதலில் வெட்டுங்கோ, பிறகு இங்கே வந்து கதையுங்கோ. ஒக்ரோபர் 11.