இட்லி மாவு, இஞ்சி பூண்டு விழுது, நறுக்கிய காய், பரோட்டா: பாக்கெட்டில் எதை வாங்கலாம்?

வேளச்சேரி வாசி:
வீட்டில் நாலு பேர், இரண்டு பேர் வேலைக்குப் போகிறோம். காலையில் அடுப்படிக்குக் கிடைப்பது 40 நிமிஷம். வாங்க யோசிப்பவை: வாரம் 3 கிலோ இட்லி மாவு, இஞ்சி பூண்டு விழுது, நறுக்கிய காய், ஃப்ரோசன் பரோட்டா, சுடுதண்ணீரில் போட்டு எடுக்கும் ரெடி டு ஈட் பை. "எல்லாம் கெமிக்கல்" என்ற பதில் வேண்டாம். காசு எவ்வளவு கூடும், எது எங்கே சொதப்பும் என்று சொல்லுங்கள். இன்னொன்று, மாவு பாக்கெட் ஃபிரிட்ஜுக்குள்ளேயே பலூன் மாதிரி உப்புகிறது. அதில் இட்லி ஊற்றலாமா?

கல்லுரல்:
ஊற்றலாம். மாவு உயிருள்ள சரக்கு. அதிலுள்ள லுக்கோனோஸ்டாக் பாக்டீரியா சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்சைடை விடும். ஃபிரிட்ஜ் அதன் வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது. சில கம்பெனிப் பைகளில் காற்றுப் போக ஊசித் துளை இருப்பது இதற்காகத்தான். பிரித்ததும் முகர்ந்து பாருங்கள். தயிர்ப் புளிப்பு என்றால் பரவாயில்லை. அழுகிய வாடையோ, மேலே இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, கறுப்புப் புள்ளியோ தெரிந்தால் மொத்தமும் குப்பைக்கு. மேலாக வழித்துவிட்டு மீதியை ஊற்றாதீர்கள், பூஞ்சை அடிவரை போயிருக்கும்.

காசுக் கணக்கு: 1 கிலோ மாவில் சுமார் 320 கிராம் இட்லி அரிசி, 80 கிராம் உளுந்து, மீதி தண்ணீர். அரிசி கிலோ 50, உளுந்து 130 என்று வைத்தால் சரக்கு 26, 27 ரூபாய். பாக்கெட் 60 என்றால் வாரம் 3 கிலோவுக்கு 100 ரூபாய் கூடுதல். ஊறவைத்து, அரைத்து, கிரைண்டரைக் கழுவும் வேலைக்கு அது நியாயமான கூலிதான். ஆனால் 4:1 அளவில் எல்லோரும் போடுவதில்லை. உளுந்தைக் குறைத்துச் சோடாவால் உப்ப வைக்கிறவர்கள் உண்டு. இட்லி லேசாக மஞ்சளடித்து, நாக்கில் சோப்பு மாதிரி பட்டால் அதுதான்.

பயன்படுத்தும்போது நடக்கிற தப்புகள்தான் அதிகம். பல பாக்கெட்டுகள் பாதிதான் புளித்து வரும். அப்படியே ஊற்றினால் இட்லி கல்லு. பெரிய பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாமல் மாற்றி, சென்னை வெயிலுக்கு 3, 4 மணி நேரம் வெளியே வையுங்கள். ராத்திரி முழுக்க விட்டால் காலையில் பொங்கி வழிந்து, மூக்கைப் பிடிக்கிற புளிப்பாகிவிடும். பொங்கிய மாவைக் கலக்காமல் ஓரமாக அள்ளி ஊற்ற வேண்டும், கலக்கினால் காற்று போய்விடும். உப்பு போட்டு வருகிறதா என்பதைப் பையில் பார்த்துக்கொள்ளுங்கள். வேண்டிய அளவை மட்டும் அரை மணி முன்னால் எடுத்து வையுங்கள். மொத்தப் பாத்திரத்தையும் வெளியே எடுத்து, திரும்ப உள்ளே வைத்துக்கொண்டிருந்தால் மூன்றாம் நாளே போச்சு. புளித்த மாவில் தோசை சிவக்காது, சர்க்கரையைப் பாக்டீரியா தின்றுவிட்டது. அரை கிலோவுக்கு அரை டீஸ்பூன் சீனி போடுங்கள்.

மளிகைக் கடையில் வாளியிலிருந்து மொண்டு கொடுக்கிற மாவு மட்டும் வேண்டாம். என்றைக்கு அரைத்தது, எந்தத் தண்ணீர், ஒன்றும் தெரியாது.

அஞ்சறைப்பெட்டி:
விழுது வாங்காதீங்க. லேபிளில் பொருட்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாப் போடணும்னு விதி. தண்ணியும் உப்பும் முன்னாடியே வந்துட்டா என்ன வாங்குறீங்கன்னு புரிஞ்சிடும். கெடாம இருக்க அமிலம் சேர்ப்பாங்க, அதனால தேங்காய்ப்பால் குருமாவுல திரியும். குழம்பை இறக்கி வச்ச பிறகு பால் ஊத்தினாத் தப்பிக்கலாம். கெட்டியா நிக்க ஐ.என்.எஸ். 415 (சாந்தன் கம்ங்கிற கோந்துக்கு லேபிளில் வர்ற எண்) போட்டிருந்தா வதக்கும்போது அடிப்பிடிச்சுத் தெறிக்கும்.

வீட்டுல 10 நிமிஷ வேலைதான். இஞ்சி 100 கிராம், பூண்டு 100 கிராம், உப்பு 1 டீஸ்பூன், எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன். தண்ணி ஒரு சொட்டு கூடாது. இஞ்சியைக் குறுக்கே வில்லையா வெட்டிட்டு அரைங்க, இல்லன்னா நார் பிளேடுல சுத்திக்கும். ஃபிரிட்ஜுல ஒரு வாரம் வரும். ஐஸ் டிரேயில ஒரு குழிக்கு 1 டேபிள்ஸ்பூன் ஊத்தி உறைய வச்சு, ஜிப் கவர்ல போட்டா 2 மாசம் கவலையில்ல. பூண்டு பச்சையாச்சுன்னா பயப்பட வேண்டாம், கந்தகச் சத்து அமிலத்தோட சேர்ந்து மாறுற நிறம்தான். ஆனா எண்ணெய்ல மூழ்கின பூண்டை வெளியே வைக்காதீங்க. காத்தில்லாத இடத்துல சாப்பாட்டை விஷமாக்குற பாட்டுலிசம் கிருமி வளரும், வாடையே காட்டாது.

நறுக்கின காய்ல வாழைத்தண்டு, வாழைப்பூ, உரிச்ச சின்ன வெங்காயம் மூணுக்கும் காசு குடுக்கலாம். வெங்காயம் கொழகொழன்னு இருக்கான்னு கவரை அமுக்கிப் பாருங்க. உரிக்க ஊறவச்ச ஈரம் அப்படியே இருந்தா மறுநாளே நாறும். வந்ததும் துணியில உலர்த்தி மூடி போட்ட டப்பாவுல வச்சா 2 நாள். நறுக்கின கீரை கூடவே கூடாது. கழுவிட்டு நறுக்குறதுதான் முறை. நறுக்கிட்டுக் கழுவினா சத்து போகும், மண்ணு போகாது.

லேபிள் வாசகன்:
கல்லுரல் சொன்னதற்கு நேர் எதிர் ஒன்று. ரெடி டு ஈட் பை உப்பியிருந்தால் தொடவே தொடாதீர்கள். அந்த உணவைப் பையில் அடைத்து மூடிய பிறகு சுமார் 121 டிகிரியில் வேக வைக்கிறார்கள். கிருமி எல்லாம் செத்துப்போவதால் பதப்படுத்தி (கெடாமல் காக்கச் சேர்க்கும் பிரிசர்வேட்டிவ்) இல்லாமலே ஃபிரிட்ஜுக்கு வெளியே மாதக்கணக்கில் இருக்கும். மைசூரில் உள்ள ராணுவ உணவு ஆராய்ச்சிக் கூடம் நம்மூர்ச் சாப்பாட்டுக்கு இந்த முறையை உருவாக்கியது. உள்ளே உயிரே இருக்கக் கூடாத பையில் காற்று வந்திருக்கிறது என்றால் மூட்டு விட்டுப்போய்க் கிருமி புகுந்திருக்கலாம். பிரித்ததை அன்றைக்கே முடித்துவிட வேண்டும்.

"பதப்படுத்தி இல்லை" என்பதோடு நிற்காமல் உப்பைப் பாருங்கள். சோடியம் 100 கிராமுக்கு 450 மில்லிகிராம், பை 300 கிராம் என்றால் மொத்தம் 1350. இதை 2.5-ஆல் பெருக்கினால் சுமார் 3.4 கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்வதே 5 கிராமுக்குக் கீழேதான். ஒரு பையை இருவர் சாப்பிடுங்கள். கெட்டித் தயிரோ, வேக வைத்த பருப்போ கலந்தால் காரமும் உப்பும் இறங்கும்.

பரோட்டாவை உருக விடாமல் ஃப்ரீசரிலிருந்து நேராகத் தோசைக்கல்லில் போட வேண்டும். உருகினால் அடுக்குகள் ஒட்டிக்கொள்ளும். மிதமான தீயில் ஒவ்வொரு பக்கமும் 2 நிமிஷம், ஓரத்தில் அரை டீஸ்பூன் எண்ணெய், எடுத்ததும் இரண்டு கையாலும் பக்கவாட்டில் தட்டல். கவருக்குள் ஐஸ் பொடியும் ஒன்றோடொன்று ஒட்டிய தாள்களும் தெரிந்தால் வழியில் உருகி மறுபடி உறைந்த சரக்கு, கடையிலேயே வைத்துவிடுங்கள்.

வேளச்சேரி வாசி:
நன்றி. அப்படியானால் விழுதும் கீரையும் இல்லை. மாவு 3 பாக்கெட்டையும் ஞாயிற்றுக்கிழமையே வாங்கி வைத்தால் சனி வரை தாங்குமா?

கல்லுரல்:
தாங்காது. ஞாயிறு 2, புதன் 1 என்று பிரித்து வாங்குங்கள். முதல் இரண்டு நாள் இட்லி, மூன்றாம் நாள் தோசை, அதற்கு மேல் மீந்தால் வெங்காயம் தாளித்துக் குழிப்பணியாரம். கடையில் கையை உள்ளே விட்டுப் பின்வரிசைப் பாக்கெட்டை எடுங்கள், புதுத் தேதிச் சரக்கு பெரும்பாலும் பின்னால்தான் இருக்கும்.