மழை பிடித்துவிட்டது: ஆடு, கோழி, வாத்து மூன்றும் ஒரே கொட்டகையில் சமாளிக்க முடியுமா?

திருநின்றவூர்க்காரன்:
வணக்கம். திருநின்றவூர் தாண்டி 3 கிரவுண்ட் இடத்தில் வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். இரண்டு வெள்ளாடு, பத்துப் பன்னிரண்டு நாட்டுக்கோழி, நாலு வாத்து. எல்லாம் ஒரே கொட்டகையில்தான் அடைகின்றன. ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து உள்ளே ஒரே சகதி. இரண்டு குஞ்சுகள் ரத்தமாகக் கழிந்து செத்துப்போயின. நான் அம்பத்தூருக்கு வேலைக்குப் போகிறவன், காலையில் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். மனைவி வீட்டில் இருக்கிறார். மூன்றில் எதையாவது விற்றுவிடலாமா?

படப்பை அக்கா:
தம்பி, எதையும் விற்க வேண்டாம். வாத்தை மட்டும் இன்றைக்கே தனியாகப் பிரித்துவிடுங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ரத்தக் கழிச்சல் போலத் தெரிகிறது. ஈரத் தரையில்தான் அது பெருகும். மீதிக் குஞ்சுகளுக்குக் கால்நடை மருத்துவரைக் கேட்டு உடனே மருந்து கொடுங்கள். வாத்து இருக்கும் இடம் காயவே காயாது. ஒரு வாய் தீனி, ஒரு வாய் தண்ணீர் என்று தின்னும், பாதியைத் தரையில் இறைக்கும். அதன் சுபாவம் அது. கண்ணையும் மூக்கையும் கழுவிக்கொள்ளத் தலை முங்கும் அளவு தண்ணீரும் அதற்கு வேண்டும். எங்கள் வீட்டில் வாத்துக்கூடு கிணற்றடியில், சரிவான பக்கம். வழியும் தண்ணீர் நேராக வாழைக்குப் போய்விடும்.

காலையில் நான் முதலில் திறப்பது கோழியை. ராத்திரி கரையான் ஏறவிட்ட பானையைக் குஞ்சுகள் முன்னால் தட்டிவிட்டால் அரை மணி நேரம் வேறு பக்கம் திரும்பாது. ஆட்டைப் பனி ஈரம் காயாமல் மேய விடவே கூடாது, ஈரப் புல்லில்தான் குடற்புழு ஏறும். அதுவரை அகத்தித் தழையோ சுபாபுல் மரத்தழையோ கட்டித் தொங்கவிடுங்கள். தரையில் போட்டால் மிதித்துவிட்டுத் தின்னாது. வாத்தைக் கடைசியாகத் திறங்கள். விடியற்காலையில்தான் முட்டையிடும். சீக்கிரம் விட்டால் முட்டை குட்டையோடு போயிற்று.

இன்னொன்று, இதைக் கட்டாயம் வீட்டில் சொல்லி வையுங்கள். அக்கம்பக்கத்தில் விசேஷம் என்றால் மிச்சச் சோற்றை வாளியில் கொண்டுவந்து ஆட்டுக்கு ஊற்றுவார்கள். பாசத்தில்தான் செய்வார்கள். ஆனால் சோறு அதிகமானால் ஆட்டின் வயிறு புளித்து உப்பிவிடும், ஒரே ராத்திரியில் ஆடு போய்விடும். கோழித் தீவன மூட்டையும் ஆட்டுக்கு எட்டக் கூடாது.

மாதவரம் வாசகர்:
அக்கா சொன்னதோடு தடுப்பூசியும் முக்கியம் சார். மழை முடிந்து பனிக்காலத்தில் கோழிக்கு வெள்ளைக் கழிச்சல் நோய் வந்தால் கூடே காலியாகிவிடும். குஞ்சு பொரித்த 7ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ லசோட்டா சொட்டு மருந்து, 8ஆம் வாரம் ஊசி. ஆட்டுக்குத் துள்ளுமாரி நோய்த் தடுப்பூசி மழைக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். போடவில்லை என்றால் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். பயிற்சி வேண்டுமென்றால் பொத்தேரி பக்கம் காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

திருநின்றவூர்க்காரன்:
ரொம்ப நன்றி. ஞாயிற்றுக்கிழமை வாத்துக்கூட்டை மாற்றிவிடுகிறேன். ஆடு நிற்க உயரமான பலகைப் பரண் கட்டாயமா? அப்புறம் அந்தக் கரையான் பானை எப்படி வைப்பது அக்கா?

படப்பை அக்கா:
நம் பக்கத்து மழைக்குப் பரண் இருந்தால்தான் குளம்பு அழுகாது. இரண்டு ஆட்டுக்குக் கட்டில் அளவு போதும். பலகைக்கு நடுவே புழுக்கை விழ இடைவெளி விடுங்கள், குளம்பு மாட்டும் அளவுக்கு வேண்டாம்.

பானைக்குப் பெரிய வேலை இல்லை. பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, கொஞ்சம் ஓலை திணித்துத் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் கரையான் நடமாட்டம் உள்ள மண்ணில் கவிழ்த்து வையுங்கள், மழை நேரடியாகப் படாத இடமாக. வீட்டு நிலைப்படியிலிருந்து நன்றாகத் தள்ளியே இருக்கட்டும். காலையில் வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிடுங்கள், சூடு பட்டால் எல்லாம் மண்ணுக்குள் இறங்கிவிடும்.