மரத்தவளைப் பெட்டியில் அடித்தண்ணீர் நாறுகிறது, என்ன செய்ய?

மார்த்தாண்டத்தான்:
கடையில் வாங்கிய ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளை ஒன்று இருக்கிறது. பழைய மீன்தொட்டியில் செம்மண் போட்டு மணிபிளான்டும் பெரணியும் நட்டேன். மூன்றே வாரத்தில் அடியில் தண்ணீர் தேங்கி ஒரே நாற்றம், பெரணியும் அழுகிவிட்டது. எங்கே தப்பு அண்ணே?

குலசேகரம் அண்ணன்:
செம்மண்தான் தப்பு தம்பி, நனைந்தால் களிபோல இறுகிவிடும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அடியில் இரண்டு அங்குலம் உடைந்த ஓட்டுத்துண்டு, அதன்மேல் கொசுவலை, அதற்கு மேல் தென்னை நார்த்தூள் போடுங்கள். நம்ம ஊரில் நார்த்தூளுக்கா பஞ்சம்! ஆனால் உப்பு இருக்கும், நாலைந்து தடவை அலசாமல் போடாதீர்கள். நர்சரிச் செடியின் வேரையும் உரம் போகக் கழுவுங்கள், தவளை தோல் வழியாகத்தான் தண்ணீரை உறிஞ்சும், அதில் இருப்பதெல்லாம் சேர்ந்தே உள்ளே போகும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் மருந்து விட்டு ஊற்றுங்கள்.

ரப்பர்தோட்டம்:
மேல்மூடி கண்ணாடியா, வலையா? அதைச் சொல்லவே இல்லையே. கண்ணாடி என்றால் முதலில் அதை மாற்றுங்கள், காற்று ஓடாவிட்டால் எந்த மண் போட்டாலும் நாறும். அப்புறம், இது ஏறும் தவளை, அகலத்தைவிட உயரம்தான் முக்கியம், அது உட்கார்ந்தால் வளையாத தடித்த கிளை இரண்டு சாய்த்து வையுங்கள்.

மார்த்தாண்டத்தான்:
கண்ணாடி மூடிதான் அண்ணே. ஈரம் போகக்கூடாதென்று இடுக்கில் டேப் வேறு ஒட்டியிருந்தேன்!

குலசேகரம் அண்ணன்:
சரியாப் போச்சு. முதலில் டேப்பைப் பிய்யுங்கள். செடி வேர் பிடிக்கும்வரை தவளை வேறு டப்பாவில் இருக்கட்டும்.