பதில்: காசின் மேல் பச்சை: ஒரு சொல் போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பழங்காசு அட்டவணையைத் தமிழிலேயே எழுதலாம் என்று தொடங்கிய இந்த இழையில் பெரும்பாலான தலைப்புகள் சிக்கலில்லாமல் முடிந்துவிட்டன. எடை, விட்டம், முன்பக்கம், பின்பக்கம் எல்லாம் ஏற்கெனவே புழங்குகிற சொற்கள். இரண்டு பக்கத்து அச்சும் ஒன்றுக்கொன்று எப்படித் திரும்பியிருந்தன என்பதைக் கடிகார மணியால் குறிக்கிறோமே, அதற்கு ‘அச்சுத்திசை’ நன்றாகவே பொருந்துகிறது. 6 மணி, 12 மணி என்று எழுதினால் யாருக்கும் விளங்கும். காசு யார் யார் கை மாறி வந்தது என்பதற்குக் ‘கைவழி’யை நான் ஆதரிக்கிறேன். இழுபறியாக நிற்பது ‘நிலை’ என்ற கட்டத்தில் எழுத வேண்டிய சொற்கள்தான்.

> செம்பிலும் வெண்கலத்திலும் படியும் பச்சைக்குத்தான் ‘களிம்பு’ இருக்கிறதே. பழைய சொல், எல்லாருக்கும் தெரிந்த சொல். புதிதாக ஏன் தேட வேண்டும்?

ஐயா, சொல் பழையது என்பதில் சந்தேகமே இல்லை. உயிரைப் பற்றிய ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்தம் சொல்லும் உவமையே செம்பில் களிம்புதான். என் கவலையும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. களிம்பு என்றால் அழுக்கு, போக்க வேண்டியது என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள்ளேயே ஊறியிருக்கிறது. சொல் காதில் விழுந்ததும் கை தேய்க்கப் போய்விடும். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் காசோடு வைக்கும் விவரச் சீட்டில் ‘களிம்பு’ என்று எழுதியிருந்த ஒரு காசைப் பளபளவென்று துலக்கிவிட்டார். பச்சை போனதோடு முகத்தின் மூக்கும் தலைமுடிக் கோடுகளும் போயின. நூற்றாண்டுக் கணக்கில் மண்ணுக்குள் கிடக்கும்போது காசின் நுண்விவரங்கள் பல நேரம் அந்தப் பச்சைக்குள்ளேயேதான் தங்கியிருக்கும். அடியில் இருக்கும் உலோகத்தில் அவை இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

பச்சை என்று நாம் ஒரே மூச்சில் சொல்வது உண்மையில் மூன்று பொருள். ஒன்று கெட்டியானது, ஒன்று பொடியானது, ஒன்று பிசுபிசுப்பானது. முதலாவதைத் தொடக் கூடாது, இரண்டாவதை உடனே தனியே எடுத்து வைக்க வேண்டும், மூன்றாவதைக் கழுவ வேண்டும். செய்ய வேண்டிய காரியம் இவ்வளவு வேறாக இருக்கும்போது சொல் ஒன்றாக இருப்பது காசுக்கே ஆபத்து.

கெட்டியான பச்சையை முதலில் எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் அடியில் குப்ரைட் என்ற சிவந்த செம்பு ஆக்சைடு, அதன்மேல் மலக்கைட் என்ற பச்சைச் செம்பு கார்பனேட் என்று அடுக்காக வளர்ந்து, உலோகத்தை மூடி நிற்கிறது. எப்போதும் பச்சையாகவே இருக்கும் என்றும் இல்லை, பழுப்பும் கறுப்பும் சாதாரணம். அதனால் ‘பசும்படலம்’ சரிப்படாது. ‘காலப்படலம்’ எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் கண்ணில் படலம் என்றால் நீக்க வேண்டியதுதானே? களிம்பில் இருந்த அதே சிக்கல். ‘பூச்சு’ என்றால் யாரோ பூசியது என்றாகிவிடும். போலிக் காசுகளில் நிஜமாகவே பூசுகிறார்கள், ஆகவே அந்தச் சொல்லைப் போலிக்கென்றே ஒதுக்கி வைக்கலாம்.

என் பரிந்துரை ‘காப்புத்தோல்’. தோல் உள்ளிருந்து வளர்வது, உடம்போடு ஒட்டியது, உரித்தால் காயம். இதைக் கேட்டவர் உரிக்கத் துணிய மாட்டார். ‘காப்புத்தோல்: கரும்பச்சை, சீரானது’ என்று சீட்டில் எழுதிப் பார்த்தேன். உறுத்தவில்லை.

அடுத்தது பொடியான பச்சை. நீண்ட விவாதம் இதில்தான் நடந்தது, நடக்க வேண்டியதும் இதில்தான்.

போன வாரம் காசுத் தட்டை வெளியே இழுத்தபோது, உரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்துச் சின்ன வெண்கலக் காசு ஒன்றின் பின்பக்கம் கண்ணில் பட்டது. இரண்டு வீரர்கள், நடுவே ஒரு கொடிக்கம்பம். இடப்பக்க வீரனின் ஈட்டி நுனியில் கடுகளவு வெளிறிய பச்சைப் புள்ளி. ஊசி முனையால் மெல்லத் தொட்டதும் மாவு போல உதிர்ந்தது, கீழே சிறு குழி. தட்டில் பக்கத்து அறையில் இருந்த காசின் பச்சையை அதே ஊசியால் தொட்டேன், அசையவே இல்லை. பார்த்த மாத்திரத்தில் இரண்டும் பச்சைதான். ஊசிதான் பிரித்துக் காட்டியது.

காரணம் குளோரைடு. மண்ணிலிருந்தோ கடலிலிருந்தோ உலோகத்துக்குள் இறங்கிய குளோரைடு, செம்போடு சேர்ந்து குப்ரஸ் குளோரைடு என்ற உப்பாக அடியில் பதுங்கியிருக்கிறது. ஈரமும் ஆக்சிஜனும் பட்டால் அது வெளிர்பச்சைப் பொடியாக மாறுகிறது, கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடுகிறது. அந்த அமிலம் புதுச் செம்பைத் தின்று மறுபடி குளோரைடாக்குகிறது. இப்படிச் சுற்றிச் சுற்றி வருவதைப் பிரெஞ்சு வேதியியலர் பெர்த்தெலோ 1890களிலேயே விளக்கியிருக்கிறார்.

> ‘வெண்கல நோய்’ என்றே வைத்துக்கொள்ளலாம். உலகம் முழுக்க அப்படித்தான் சொல்கிறார்கள்.

அம்மா, இதில் ஒரு நன்மை உண்டு, ஒத்துக்கொள்கிறேன். நோய் என்றதும் ஆள் சுறுசுறுப்பாகிவிடுவார். ஆனால் வெண்கலத்தில் மட்டும் வருவதல்ல, வெறும் செம்பிலும் வரும். அப்புறம், இது கிருமியால் வருவதும் அல்ல. கிருமிதான் காரணம் என்று ஒரு காலத்தில் நினைத்ததன் சாயல் அந்தப் பெயரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நோய் என்று கேட்டவர் மருந்து தடவப் போவார், காற்றின் ஈரத்தைக் கவனிக்க மாட்டார். ‘செம்புப்புற்று’ என்று வந்த யோசனையிலும் இதே குறை.

நம் பேச்சில் இதற்கு இணையான ஒன்று முன்பே இருக்கிறது. ‘சுவரை உப்பு அரித்துவிட்டது’ என்கிறோம். அங்கேயும் காரணம் உப்பு, தூண்டுவது ஈரம், வெளியே தெரிவது பொடி, உள்ளே குழி. அதனால் நான் ‘உப்பரிப்பு’ என்கிறேன். காரணத்தையும் விளைவையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. உப்பு என்றதும் ஈரத்தின் நினைவு வருகிறது, செய்ய வேண்டியதும் அதுதான்: காசைத் தனியே எடுத்து, காய்ச்சி வடித்த நீரில் பலமுறை நீரை மாற்றி ஊறவைத்து, நன்றாக உலர்த்தி, ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்படி ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு மூடி வைப்பது. வேர் முழுக்கப் போய்விட்டது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது, ஆகவே மாதக்கணக்கில் கண்காணிக்க வேண்டும்.

> உப்பரிப்பு என்றால் கட்டடப் பொறியாளர்கள் வேறு பொருளில் எடுத்துக்கொள்வார்களே?

எடுத்துக்கொள்ளட்டும். காசுச் சீட்டில் எழுதியிருப்பதைச் சுவர் என்று யாரும் படிக்கப் போவதில்லை. தேவைப்பட்டால் ‘செம்பு உப்பரிப்பு’ என்று பிரித்து எழுதலாம்.

மூன்றாவது பச்சைக்கு விவாதமே வேண்டாம் என்று தோன்றுகிறது. வளைகிற பி.வி.சி. உறையில் காசை ஆண்டுக்கணக்கில் விட்டால், பிளாஸ்டிக்கை இளக்குவதற்காகச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் வெளியே கசிந்து காசில் ஒட்டிக்கொள்ளும். ‘பிசுக்கு’ என்ற நாட்டுச் சொல் போதும், ‘உறைப்பிசுக்கு’ என்றால் தெளிவு. அசிட்டோனில் போகும். ஓர் உறை பி.வி.சி.தானா என்று பார்க்க, செம்புக் கம்பியைச் சுடரில் காய்ச்சி, உறையின் ஓரத்தைத் தொட்டு, மறுபடி சுடரில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் அதில் குளோரின் இருக்கிறது. புகை நல்லதல்ல, காற்றோட்டமான இடத்தில் செய்யவும். மாற்றாகப் பாலியெஸ்டர் உறை வாங்கலாம், சற்று விறைப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

சேகரிப்பு நாற்பது காசாக இருந்தவரை எது எப்படி இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். இப்போது ஆறு தட்டு. சீட்டில் இருப்பதுதான் என் நினைவு, நாளைக்கு இந்தத் தட்டுகளைத் திறக்கிறவருக்கும் அதுதான் வழிகாட்டி. அதனால்தான் இந்தச் சொற்களில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன். உப்பரிப்புக் காசுகளுக்கென ஏழாவதாக, மூடி இறுகிய டப்பா ஒன்றை வைத்துவிட்டேன். இதற்குத் ‘தனித்தட்டு’ என்று பெயர் எழுதியிருக்கிறேன், ‘ஒதுக்குத்தட்டு’ மேலா என்று சொல்லுங்கள். ஒதுக்கியது மறந்துபோகும் என்ற பயத்தில் நான் அதைத் தவிர்த்தேன்.

வெள்ளிக் காசில் கந்தகத்தால் படியும் நிறத்துக்கு ‘கருமை’ என்பது போதாது. ஓரத்தில் பொன்னிறம், நீலம் எல்லாம் வருகிறது. அதற்கு யாரிடமாவது நல்ல சொல் இருக்கிறதா?

அன்புடன்