ஸ்லைடரை இறக்கினால் யூஏசி ஆஃப் ஆகிவிடும் என்று சொல்பவர்களுக்கு

பழைய_மவுஸ்: நேற்று ஒருவர் பாடம் எடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரே அக்கவுண்ட் போதுமாம், அதுவும் எல்லா அதிகாரமும் உள்ள அட்மின், யூஏசி (புரோகிராம் அட்மின் அதிகாரம் கேட்கும்போது நம்மிடம் அனுமதி கேட்கிற விண்டோஸ் வசதி) ஸ்லைடரைக் கடைசிவரை கீழே இழுத்தால் யூஏசி ஆஃப், தொல்லை விட்டதாம். மற்றதெல்லாம் கிடக்கட்டும். ஸ்லைடரை இறக்கினால் ஆஃப் ஆகாது. விண்டோஸ் 7-ல் ஆகும், 8-லிருந்து ஆகாது. அனுமதி கேட்கிற பெட்டி மட்டும்தான் வராது.

திருச்சி_சர்வீஸ்: அந்த ஒருவர் நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். பெட்டி வரவில்லை என்றால் ஆஃப், அவ்வளவுதான். கஸ்டமருக்கு இதற்குமேல் என்ன தெரிய வேண்டும்?

பழைய_மவுஸ்: ஆஃப் இல்லை. விண்டோஸ் தன் செட்டிங்ஸை வைக்கிற ரெஜிஸ்ட்ரியில் எனேபிள்எல்யூஏ (EnableLUA) என்று ஒன்று இருக்கிறது, அதை 0 ஆக்கி ரீஸ்டார்ட் செய்தால்தான் ஆஃப். விண்டோஸ் 10-ல் ஸ்லைடர் அதைத் தொடுவதே இல்லை. நீங்கள் அட்மினாக லாகின் செய்தாலும் விண்டோஸ் இரண்டு டோக்கன், அதாவது உங்களுக்கு என்னென்ன அதிகாரம் என்று சொல்லும் அடையாளச் சீட்டு, போடுகிறது, அதிகாரம் குறைத்த டோக்கனில்தான் சாதாரண புரோகிராம் எல்லாம் ஓடும். சந்தேகமா, ஸ்லைடரை இறக்கிவிட்டு கமாண்ட் ப்ராம்ப்டை சும்மா திறந்து ஹூஆம்ஐ /குரூப்ஸ் (whoami /groups) அடியுங்கள், மாண்டேட்டரி லேபிள் வரியில் மீடியம் என்று வரும், அதாவது அதிகாரம் குறைத்த டோக்கன். உண்மையிலேயே ஆஃப் என்றால் அங்கே ஹை, அதாவது முழு அதிகாரம், என்று இருக்கும். அடித்துப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

திருச்சி_சர்வீஸ்: நான் எதற்கு அடிக்க வேண்டும்? பரீட்சையா எழுதுகிறேன்?

கடைசி_பெஞ்ச்: எந்த புரோகிராம் கேட்டாலும் பெட்டியே வராமல் அதற்கு அட்மின் அதிகாரம் கிடைத்துவிடுகிறது என்றால், ஆஃப் ஆனால் என்ன, ஆகாவிட்டால் என்ன அண்ணே? யூஏசி ஒரு பாதுகாப்பு எல்லையே இல்லை என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்லியிருக்கிறது. அட்மின் அதிகாரம் இல்லாத ஸ்டாண்டர்ட் அக்கவுண்ட் ஒன்று போட்டுவிடுவதுதான் சரி. எங்கள் அப்பா, திரை மங்கி, வெளியிட்டவர் யாரென்று தெரியாது என்று மஞ்சள் பட்டையோடு பெட்டி வந்தாலும் படிக்காமல் ஆம் தட்டிவிடுவார். பாஸ்வேர்டு கேட்டால்தான் என்னைக் கூப்பிடுவார்.

பழைய_மவுஸ்: தம்பி, அது வேறு பேச்சு. ஆஃப் ஆகுமா ஆகாதா என்பதுதான் கேள்வி. ஆகாது.

கடைசி_பெஞ்ச்: தம்பி என்று கூப்பிட எனக்கு என்ன வயது என்று தெரியுமா உங்களுக்கு?

டக்ஸ்_தாத்தா: லினக்ஸ் உபுண்டுவில் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் அக்கவுண்டைப் பூட்டியேதான் கொடுக்கிறார்கள். அந்த அதிகாரம் தேவைப்படும்போது சூடோ என்ற கட்டளை, நம் பாஸ்வேர்டு, முடிந்தது. ஸ்லைடரும் இல்லை, சண்டையும் இல்லை.

திருச்சி_சர்வீஸ்: வந்துவிட்டாரய்யா. உங்கள் உபுண்டுவில் என் கஸ்டமருடைய பழைய பில்லிங் சாஃப்ட்வேர் ஓடுமா? அது டேட்டாவை புரோகிராம் ஃபைல்ஸ் உள்ளேயே எழுதும், ஸ்டாண்டர்ட் அக்கவுண்டில் திறந்தால் எரர் அடிக்கும். மாலையில் கடையில் கூட்டம் நிற்கும்போது பாஸ்வேர்டு கேட்டால் முதலாளி யாருக்கு போன் போடுவார், உங்களுக்கா? அப்புறம் இன்னொன்று, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற ரான்சம்வேருக்கு அட்மினே வேண்டியதில்லை. என் டாக்குமென்ட்ஸைப் பூட்ட என் அக்கவுண்டே போதும். ஸ்டாண்டர்ட் வைத்து என்ன கிழித்துவிடப் போகிறீர்கள்?

டக்ஸ்_தாத்தா: பிரின்டர் பேச்சு வந்தபோதும் இதே பில்லிங் கதைதான் சொன்னீர்கள்.

பழைய_மவுஸ்: அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் எழுதும் அனுமதி கொடுத்தால் பில்லிங் ஓடும், அதற்காக மொத்த வீட்டையும் திறந்து போட வேண்டியதில்லை. ஆனால் ஹார்ட் டிஸ்க்கில் சிதறிய ஃபைல்களை ஒன்றுசேர்க்கிற டிஃப்ராக்கை, அது தேவைப்படாத எஸ்எஸ்டிக்கு வாராவாரம் செய்யச் சொன்ன ஆளிடம் இதையெல்லாம் பேசி என்ன பயன். ஹூஆம்ஐ அடித்தீர்களா இல்லையா?

திருச்சி_சர்வீஸ்: டிஃப்ராக்கை இன்னும் விடவில்லையா? அன்று ஹார்ட் டிஸ்க்கைத்தான் சொன்னேன், நீங்கள்தான் திரித்தீர்கள்.

பழைய_மவுஸ்: திரித்தேனா? படம் பிடித்து வைத்திருக்கிறேன், போடட்டுமா?

கடைசி_பெஞ்ச்: என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

திருச்சி_சர்வீஸ்: போடுங்கள். இங்கே கரண்ட் இல்லை, வந்ததும் பார்க்கிறேன்.

பழைய_மவுஸ்: கரண்ட் வந்ததும் முதலில் ஹூஆம்ஐ. மீடியம் என்றுதான் வரும்.