சந்தான் (தேங்காய்ப்பால்) ஊத்தினதும் மீன் குழம்பு திரியுது: புளியா, தீயா, தேங்காயா?

செந்தூல்_மீன்சட்டி:
அரைக் கிலோ தெங்கிரி (வஞ்சிரம்) மீன், 3 மேசைக்கரண்டி மீன் மசாலா, எலுமிச்சம்பழ அளவு புளி, பாசார்ல (சந்தையில) பிழிஞ்ச சந்தான் 200 மி.லி. எல்லாம் வழக்கமான அளவுதான். மீன் போட்டு, சந்தான் ஊத்தி, மூடி வச்சு 10 நிமிஷம் கொதிச்சதும் மேல வெள்ளைத் திப்பி, கீழ தண்ணிக் குழம்பு. ருசி கெடல, பார்க்கத்தான் சகிக்கல. பாக்கெட் சந்தான்ல இப்படி ஆகிறதே இல்ல. காரணம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய_கிள்ளான்_சாலை:
புளிக்கும் பங்கு இருக்கும்மா, ஆனா முதல் குத்தவாளி அந்த மூடிதான்.

சந்தான்னா தண்ணிக்குள்ள பொடிப்பொடியா மிதக்கிற தேங்காய் எண்ணெய். அந்தப் பொடிகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம பார்த்துக்கிறது தேங்காயில இருக்கிற புரதம். சூடு 80 டிகிரி தாண்டினா அந்தப் புரதம் முட்டை வெள்ளைக்கரு மாதிரி வெந்து சுருங்கிடும். சுருங்கினது எண்ணெயையும் இழுத்துக்கிட்டு மேல வரும். நீங்க பார்த்த திப்பி அதுதான். மூடி போட்டா அடுப்பைச் சின்னதா வச்சாலும் உள்ள தளதளன்னு கொதிக்கும், வெளிய தெரியாது.

புளி செய்யிறது வேற வேலை. புது சந்தானோட பிஎச் (புளிப்பு அளவு, எண் குறைஞ்சா புளிப்பு கூடும்) 6 பக்கம் இருக்கும். குழம்போட புளிப்பு அதை 4 பக்கம் இழுத்துட்டா, அந்தப் புரதம் கொதிக்காமலேயே கட்டியாகப் பார்க்கும். சூடும் புளிப்பும் ஒண்ணா சேர்ந்தா கேட்கவே வேணாம்.

அதனால வரிசையை மாத்துங்க. அரைக் கிலோ மீனுக்கு 30 கிராம் புளியை 400 மி.லி. தண்ணியில கரைச்சு வடிகட்டிக்குங்க. எண்ணெய் காஞ்சதும் அரை டீஸ்பூன் வெந்தயம், சின்ன வெங்காயம் 10, பூண்டு 6 பல், கறிவேப்பிலை. மசாலாத்தூளை நேரா எண்ணெயில கொட்டாதீங்க, அரை நிமிஷத்துல கருகிக் கசக்கும். கால் கப் தண்ணியில குழைச்சு ஊத்தி, ஓரத்துல எண்ணெய் கசியிற வரைக்கும் சின்னத் தீயில 5, 6 நிமிஷம் வதக்குங்க. மசாலா வேகிறது இந்தக் கட்டத்துல மட்டும்தான். சந்தான் ஊத்தின பிறகு பச்சை வாசனை போகணும்னு கொதிக்க விட்டா அது போகாது, சந்தான்தான் போகும்.

அப்புறம் புளித்தண்ணி ஊத்தி 10 நிமிஷம் நல்லா கொதிக்கட்டும். வெண்டைக்காய், கத்திரிக்காய் இந்த நேரத்துல. மீன் போட்டு 5 நிமிஷம். தீயை ஆகச் சின்னதாக்கி, கொதி அடங்கினதும் சந்தான் 150 மி.லி. போதும். கரண்டி போடாம சட்டியைப் பிடிச்சு ஒரு சுத்து சுத்துங்க, மீனும் உடையாது. ஓரத்துல சின்னக் குமிழி எட்டிப் பார்த்ததும் அடுப்பை அணைச்சிடுங்க. மூடி வேணாம்.

செந்தூல்_மீன்சட்டி:
நன்றிக்கா. அப்போ புளியைக் குறைக்கணுமா?

பழைய_கிள்ளான்_சாலை:
குறைச்சா மீன் குழம்பு மீன் குழம்பா இருக்காதே! புளித்தண்ணியை முன்னாடியே நல்லா கொதிக்க விட்டு, சந்தானைக் கடைசியில சேர்த்தா இந்த அளவு புளி தாங்கும். பயமா இருந்தா புளிக்குப் பதிலா அசாம் கெப்பிங் (காயவச்ச புளிப்புப் பழத் துண்டு) 2, 3 போடுங்க. அது மெல்ல மெல்லத்தான் புளிப்பு விடும். ருசி பார்த்து, போதும்னா துண்டை வெளிய எடுத்துடலாம். கரைச்ச புளியை அப்படித் திரும்ப எடுக்க முடியாது.

பினாங்குத்_தேங்காய்:
பினாங்கு அசாம் லக்சாவுல (புளிப்பு மீன் நூடுல்ஸ்) அதே கெப்பிங்தான் போகுது, சந்தான் துளிகூடக் கிடையாது. இங்க கறி மீயில (கறி நூடுல்ஸ்) சந்தான் உண்டு, புளி கிடையாது. ரெண்டையும் ஒரே சட்டியில போடுற வேண்டாத வேலை நம்ம மீன் குழம்புல.

சந்தான் வாங்குற இடத்துல நடக்கிற தப்பை யாரும் சொல்லலையே, அதைச் சொல்றேன். பினாங்கு சௌரஸ்தா சந்தை ஆகட்டும், கோலாலம்பூர் சௌ கிட் சந்தை ஆகட்டும், பிழிஞ்சு பையில கட்டித் தர்ற கடையில முதல்ல கேட்க வேண்டியது, “தண்ணி சேர்த்ததா, சேர்க்காததா?” தண்ணி சேர்க்காத பால் பையை ஆட்டினா கையில கனமா, மெதுவா அசையும். தண்ணி சேர்த்தது பால் மாதிரி சலசலக்கும். சமையல் குறிப்புல 150 மி.லி.ன்னு இருந்து நீங்க தண்ணிப் பாலை ஊத்தினா குழம்பு நீர்த்துப்போகும். அதைக் கெட்டியாக்கணும்னு கூடக் கொதிக்க விடுவீங்க. அங்கதான் திரியும்.

ரெண்டாவது, நேரம். நம்ம ஊர் வெயில்ல பிழிஞ்ச சந்தான் 4 மணி நேரத்துக்கு மேல வெளிய தாங்காது. காலையில 8 மணிக்கு வாங்கி, காருக்குள்ள விட்டுட்டு, சாயங்காலம் சமைச்சா அது ஏற்கெனவே புளிக்கத் தொடங்கியிருக்கும். வாசனையில தெரியாத அளவு புளிப்பே திரியிறதுக்குப் போதும். சந்தேகம்னா ஒரு கரண்டி சந்தானைச் சின்னக் கிண்ணத்துல தனியா சூடாக்கிப் பாருங்க. புளியே இல்லாம, கொதிக்கிறதுக்கு முன்னாடியே திரிஞ்சா பழசுன்னு அர்த்தம். குழம்புல ஊத்தாதீங்க.

வீட்டுல பிழியிறவங்களுக்கு: துருவின தேங்காயை ஐஸ்பெட்டியிலருந்து எடுத்து அப்படியே பிழியக் கூடாது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ உறைஞ்சிடும். உறைஞ்ச எண்ணெய் சக்கையிலேயே தங்கி, உங்களுக்கு வெறும் வெள்ளைத் தண்ணிதான் வரும். ஒரு தேங்காய்த் துருவலுக்கு அரை கப் வெதுவெதுப்பான தண்ணி, கை பொறுக்கிற சூடு. 5 நிமிஷம் ஊற விட்டு, மிக்சியில ரெண்டு சுத்து, துணியில முறுக்கிப் பிழிஞ்சா முதல் பால். அதே சக்கையில இன்னும் ஒண்ணரை கப் தண்ணி விட்டா ரெண்டாம் பால். மிக்சியை நிமிஷக் கணக்கா ஓட்டாதீங்க, ஜார் சூடாகி எண்ணெய் தனியாப் பிரியும்.

பங்சார்_குக்கர்:
பாக்கெட் சந்தான் ஏன் திரியலைன்னு செந்தூல் அக்கா கேட்டாங்களே, யாரும் பதில் சொல்லல. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க, சிலதுல 435, 466ன்னு சேர்க்கைப் பொருள் எண் போட்டிருக்கும். 435 எண்ணெயையும் தண்ணியையும் சேர்த்துப் பிடிக்கும், 466 கெட்டிப்படுத்தும். புரதம் கைவிட்டாலும் இதுங்க விடாது. 200 மி.லி. பாக்கெட் பெரும்பாலும் கெட்டியா இருக்கும். மீன் குழம்புக்கு அரைப் பாக்கெட்டோட அதே அளவு தண்ணி கலந்தாலே போதும்.

ஆயர்_ஈத்தாம்:
அது வசதின்னு சொல்றோம், சில சமையலுக்கு அதுவே தொந்தரவு தம்பி. திரியிறது வேற, எண்ணெய் பிரியிறது வேற. மலாய்க்காரங்க “பெச்சா மிஞ்யாக்”னு சொல்றது ரெண்டாவது. ஆட்டுப் பெரட்டல், ரெண்டாங் (வத்த வச்ச மலாய்க் கறி) ரெண்டுக்கும் அந்த எண்ணெய் வெளிய வந்தே ஆகணும். தண்ணியெல்லாம் வத்தி, சந்தானோட எண்ணெயிலேயே மசாலா வறுபடணும். பாக்கெட் சந்தான் அங்க கடைசி வரைக்கும் எண்ணெயை விடாமப் பிடிச்சுக்கிட்டு, பெரட்டல் கூழ் மாதிரி இருக்கும். எண்ணெய் தெரியலையேன்னு மேல எண்ணெய் ஊத்துவாங்க. அது தப்பு.

ஒரு கிலோ ஆட்டுக்குப் பிழிஞ்ச முதல் பால் 400 மி.லி. கறியை முக்கால் பங்கு வேக வச்ச பிறகு ஊத்தி, மூடி இல்லாம, நடுத்தரத் தீயில 30லருந்து 40 நிமிஷம். முதல்ல திப்பி வரும், பயப்படாதீங்க. கிளறக் கிளற அந்தத் திப்பியே வறுபட்டு கறியில ஒட்டிக்கும். சத்தம் மாறுறதைக் கேளுங்க. தண்ணி இருக்கிற வரைக்கும் தளதளன்னு கேட்கும், வத்தினதும் சுர்ருனு எண்ணெய்ச் சத்தம் வரும். அதுக்கப்புறம் 5 நிமிஷம் கை எடுக்காம பெரட்டணும், அடி பிடிக்கிற நேரம் அது. கெரிசிக் (வறுத்து அரைச்ச தேங்காய்) 2 மேசைக்கரண்டி சேர்க்கிறதா இருந்தா இப்போ. முன்னாடியே போட்டா தண்ணியைக் குடிச்சுக்கிட்டு அடியில உட்காரும்.

பந்தல்_சமையல்:
வணக்கம். பெரிய சட்டியில சமைக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தைப்பூசப் பந்தலில் 300 பேருக்குச் சைவக் குழம்பு வைக்கும்போது, வீட்டுக் கணக்கைப் பெருக்கினால் மட்டும் போதாது. சின்னச் சட்டியில் அடுப்பை அணைத்தால் சூடு இறங்கத் தொடங்கும். 40 லிட்டர் சட்டி அணைத்த பிறகும் நெடுநேரம் கொதிநிலைக்குப் பக்கத்திலேயே நிற்கும். அதில் சந்தானை ஊற்றி, மூடி, அப்படியே வரிசைக்கு எடுத்துப் போனால், பரிமாறும்போது திரிந்திருக்கும்.

செய்ய வேண்டியது: முதலில் அடுப்பை அணையுங்கள். 15 நிமிடம் மூடியைத் திறந்து வையுங்கள். சந்தானை நேராக ஊற்றாமல், ஒரு வாளியில் எடுத்து, சூடான குழம்பை ஒவ்வொரு கரண்டியாக அதில் சேர்த்து, சந்தான் சூடேறியதும் மொத்தத்தையும் சட்டியில் சாயுங்கள். காப்பு வேண்டுமென்றால், ஒவ்வொரு லிட்டர் சந்தானுக்கும் 2 மேசைக்கரண்டி அரிசி மாவைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மசாலா கொதிக்கும்போதே குழம்பில் ஊற்றிவிடுங்கள். மாவு வெந்து குழம்பு சற்றுக் கெட்டிப்பட்டால் திப்பி சேராது. அதற்கு மேல் போட்டால் குழம்பு கஞ்சி ஆகிவிடும்.

அலுமினியச் சட்டியில் புளிக்குழம்பை இரவு முழுவதும் வைக்காதீர்கள். புளி அலுமினியத்தை அரித்து, குழம்பில் உலோக ருசி ஏறும். ஆறியதும் எவர்சில்வருக்கு மாற்றுங்கள்.

பங்சார்_குக்கர்:
அண்ணே, அந்த வாளி யோசனை அருமை. இதோட இன்னொண்ணு: ரைஸ் குக்கர்ல தேங்காய்ப்பால் சாதம் வச்சா மேல அரிசி வேகாம, அடியில தீயுதே?

பினாங்குத்_தேங்காய்:
தம்பி, குக்கர் அணையிறது சோறு வெந்ததைப் பார்த்து இல்ல, அடித்தட்டோட சூட்டைப் பார்த்து. தண்ணி இருக்கிற வரைக்கும் தட்டு 100 டிகிரி பக்கம் நிற்கும். தண்ணி வத்தினா சூடு ஏறும், அப்போ பட்டன் மேல எழும்பும். கெட்டி சந்தான் ஊத்தினா அதுல இருக்கிற சர்க்கரையும் புரதமும் அடியில படிஞ்சு தீயும். தட்டு சூடேறி பட்டன் சீக்கிரமே எழும்பிடும். மேல அரிசி பாதிதான் வெந்திருக்கும்.

குக்கரோட வர்ற கப்புல 2 கப் அரிசி, அது 180 மி.லி. கப். கழுவி 30 நிமிஷம் ஊற வச்சு, வடிச்சிடுங்க. ரெண்டாம் பாலும் தண்ணியும் சேர்த்து இரண்டேகால் கப். முடிச்சுப் போட்ட பண்டான் இலை (ரம்பை இலை) ரெண்டு, தட்டின இஞ்சி ஒரு துண்டு, உப்பு. முதல் பாலை இதுல சேர்க்காதீங்க. பட்டன் எழும்பினதும் திறந்து, முதல் பால் 4 மேசைக்கரண்டி சுத்தி ஊத்தி, முள்கரண்டியால அடியிலருந்து ஒரு முறை கிளறி, மூடி 10 நிமிஷம். மேல வெள்ளைப் படலம் மாதிரி படிஞ்சிருந்தா அது கெட்டதில்ல, சோத்தோட கலந்துடுங்க. பாக்கெட் சந்தானா இருந்தா அரை கப் சந்தான், ஒண்ணேமுக்கால் கப் தண்ணி.

ஆயர்_ஈத்தாம்:
பாயசத்துலயும் இதே கதைதான், ஆனா அங்க யாரும் புளியைச் சந்தேகப்பட மாட்டாங்க. வெல்லத்துலயும் குலா மெலாக்காவுலயும் (தென்னை வெல்லம்) லேசான புளிப்பு உண்டு. பாசிப்பருப்பு வெந்து, வெல்லப்பாகு சேர்த்துக் கொதிச்ச பிறகு அடுப்பை அணைச்சு, ஆவி அடங்கினதும் முதல் பால். மறுபடி அடுப்புல ஏத்தாதீங்க. வெல்லத்தைத் தண்ணியில கரைச்சு வடிகட்டித்தான் சேர்க்கணும், மண் இருக்கும்.

செந்தூல்_மீன்சட்டி:
எல்லாருக்கும் நன்றி. ஏற்கெனவே திரிஞ்ச சட்டியை என்ன செய்யிறது? மிஞ்சின சந்தானை?

பழைய_கிள்ளான்_சாலை:
மீனை மெல்ல எடுத்துத் தட்டுல வச்சுக்குங்க. குழம்பு ஆறினதும் ரெண்டு கரண்டி குழம்பு, ஒரு மேசைக்கரண்டி புதுக் கெட்டி சந்தான், மிக்சியில 10 வினாடி. சூடா அடிச்சா மூடி தூக்கி அடிக்கும், ஆறட்டும். அதைத் திரும்பச் சட்டியில ஊத்தி, சின்னத் தீயில சூடு மட்டும் காட்டி, மீனை வைங்க. லேசாத் திரிஞ்சதுன்னா முக்கால்வாசி சரியாகும். திப்பி கட்டிக்கட்டியா ஆகி மேல எண்ணெய் மிதக்குதுன்னா விட்டுடுங்க, அப்படியே வத்த வச்சு மீன் தொக்கா சாப்பிடலாம்.

மறுநாளைக்கும் வைக்கிற குழம்புன்னா, சந்தான் ஊத்துறதுக்கு முன்னாடியே பாதியைத் தனியா எடுத்து வச்சிடணும். மறுநாள் சூடாக்கி, அப்போ சந்தான் ஊத்திக்கலாம். சந்தான் ஊத்தின குழம்பை ரெண்டாவது தடவை சூடாக்கும்போதுதான் நிறையப் பேருக்குத் திரியுது, குத்தத்தை மட்டும் முதல் நாள் சமையல் மேல போடுவாங்க.

மிஞ்சின சந்தானை ஐஸ் கட்டித் தட்டுல ஊத்தி உறைய வைங்க. ஒரு கட்டி ஏறக்குறைய 2 மேசைக்கரண்டி வரும், தட்டுக்குத் தட்டு மாறும், உங்க தட்டை ஒரு தடவை அளந்துக்குங்க. உறைஞ்சு உருகினா தண்ணியும் எண்ணெயும் பிரிஞ்சுதான் நிற்கும். பெரட்டலுக்கும் சாம்பாருக்கும் அது பரவால்ல. பாயசத்துக்கும் மீன் குழம்புக்கும் ஆகாது.

பந்தல்_சமையல்:
சாம்பாரில் சந்தானா, அம்மா?

பழைய_கிள்ளான்_சாலை:
பூசணிக்காய்ச் சாம்பார்ல ஒரே ஒரு கட்டி, இறக்குறப்போ. திட்டாதீங்கண்ணே.